டாக்டர் கேட்டார், சரிதா

கருவடிக்குப்பம், புதுச்சேரி
பங்குனி 11

அன்பு மகள் சரிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனும் அபியும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளவோடு இருக்கின்றன, காலையில் நானே சமைக்கிறேன், இரவுக்கு ஆதிலட்சுமி அத்தை ஏதாவது கொடுத்தனுப்புகிறாள், நலம் என்று மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் நான் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், இந்த இரண்டு மாதத்தில் அப்படி எத்தனையோ முறை ஆகிவிட்டது. தாளில் அப்படித் தப்பிக்க முடியாது.

தை மாதம் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் விமானத்துக்குக் கிளம்பிய அன்று, மாப்பிள்ளை பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் திரும்பி கேட் வரைக்கும் வந்து என்னிடம் ஒன்று கேட்டாய். “அந்த டாக்டர் உடம்புல கறுப்பா புண்ணு இருக்கான்னு ஒரு வார்த்தையாவது கேட்டாராப்பா?” என்றாய். நான் “ஞாபகம் இல்லம்மா” என்றேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் கேட்டார், சரிதா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த டாக்டர் மேல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி, அம்மாவின் கணவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நீ போன வாரம் அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். அதில் மூன்றாவது பத்தியில், உண்ணிக் காய்ச்சல் பரவும் பருவம் என்று தெரிந்தும் அதற்குரிய அடிப்படைக் கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அம்மா இப்போது இல்லை. டாக்டர் சொன்னால் நீ நம்ப மாட்டாய். மிச்சம் நான்தான். நான் கையெழுத்துப் போடவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, உனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிச் சீட்டும் ஊரார் பேச்சும்தான். மார்கழி முழுக்க அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் கோலம் அனுப்பினாளே, நடுவில் சாணி உருண்டை மேல் பரங்கிப்பூ வைத்து, அந்தப் பூ எங்கிருந்து வந்தது தெரியுமா. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையிலிருந்து. உனக்கு நினைவிருக்கும், நீ கல்லூரிக்குப் போகும் காலத்தில் அது மணிலாக் கடலை போடுகிற கொல்லை. பிறகு கல் நட்டு மனையாகப் பிரித்தார்கள், வாங்கியவர்கள் யாரும் வீடு கட்டவில்லை, ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவர் யாரென்றே தெரியாது. முன்பெல்லாம் ஆடுகள் மேய்ந்து புல்லை ஒட்ட வைத்திருக்கும், இப்போது இந்தப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களே இல்லை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஆள் உயரத்துக்குப் புதர், அதற்குள் பெருச்சாளி வளை, யாரோ எறிந்த பரங்கிக்காயிலிருந்து முளைத்த கொடி அதன்மேல் படர்ந்து கிடந்தது. அம்மா காலை ஐந்தரைக்குப் பனியில் போய்க் குந்தி உட்கார்ந்து, கொடியை விலக்கிப் பெரிய பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வருவாள். மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, “பெரிய மார்க்கெட்டு பூ நேத்து பறிச்சதுங்க, கோலத்துல வெச்சா தூங்கி விழும்” என்றாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. தெருவிலேயே நம் வாசல் பூதான் பெரியது.

மார்கழி பதினாறோ பதினேழோ, ஆதிலட்சுமி அத்தை வந்திருந்தபோது அம்மா அவளிடம், “பாவாடை நாடா அறுத்துட்டுதுடி, தோ பாரு, புண்ணா ஆயிட்டுது” என்று இடுப்பைக் காட்டியிருக்கிறாள். அத்தையும், “அண்ணி, நீ எல்லாத்தையும் இறுக்கித்தான் கட்டுவ, முடிச்ச இந்தப் பக்கம் மாத்திக்கோ, தேங்கா எண்ணெ தடவு” என்று சொல்லியிருக்கிறாள். இதை அத்தை எனக்குச் சொன்னது பிறகுதான், அழுதுகொண்டே சொன்னாள், அவளை நீ ஒன்றும் கேட்டுவிடாதே. புடவை கட்டுகிற பெண்களின் இடுப்பில் நாடாத் தழும்பு கறுத்துத் தடித்து நாற்பது வருஷமாக இருக்கும், அதன் மேல் ஒரு சின்னப் பொருக்கு வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அம்மா முடிச்சை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மார்கழி பத்தொன்பதில் காய்ச்சல் வந்தது. முதல் தப்பை அன்றைக்கே நான் செய்தேன். ஐப்பசியில் எனக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்த மாத்திரையில் ஆறு மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்தேன். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்தானே என்று என் எண்ணம். சயின்ஸ் வாத்தியார் என்று பெயர், செய்தது இது. அந்த மாத்திரை கிருமியின் சுவரை உடைக்கிற மாத்திரை. அம்மாவுக்கு வந்த கிருமிக்கு அப்படி உடைக்கிற மாதிரியான சுவரே இல்லை, அதோடு அது ரத்தத்தில் வெளியே திரிவதும் இல்லை, நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது தெருவில் லத்தியோடு நடந்த மாதிரி. உடம்பில் ஏற்கனவே இருக்கிற மற்றக் கிருமிகளுக்கும் அந்த ஆறு மாத்திரை நல்லது செய்யவில்லை. கத்தரிக்காய்க் கூடையில் வருகிறவர்களெல்லாம் இளசாகப் பொறுக்கிக்கொண்டு போனால் கடைசியில் கூடையில் முற்றல்தான் கிடக்கும், அரைகுறையாக மாத்திரை போட்டால் மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சி அவையே பெருகும். இதை நானே பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற மிச்ச மாத்திரை டப்பா வேறு, பாடப் புத்தகம் வேறு என்று எனக்குள் யாரோ பிரித்து வைத்திருந்தான்.

மூன்று நாள் போயும் காய்ச்சல் இறங்கவில்லை, தலைவலி என்றாள், சுடுசோறு வாசனையே பிடிக்கவில்லை என்றாள். நான்காம் நாள் ஆட்டோ வைத்து அந்தச் சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு அம்மாவைப் பார்த்து, என்னை அல்ல, அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, உடம்புல எங்கயாவது கறுப்பா, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு பொருக்கு இருக்கா? அக்குள்ல, இடுப்புல, மார்புக்குக் கீழ?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கை முந்தானையை இழுத்து இடுப்பை மூடியது. நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். நான் சொன்னேன், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்.”

ஏன் சொன்னேன் என்று இந்த இரண்டு மாதமாக யோசிக்கிறேன். ரேஷன் கடையில், பாங்கில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அவளைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லித்தான் நாற்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கிறோம். வகுப்புக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் பையனைக் கேள்வி கேட்டால், அவன் தடுமாறுவதற்குள் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன், தலைமை ஆசிரியர் அதற்காக ஒருமுறை என்னைக் கண்டித்துமிருக்கிறார். அதே பழக்கம். அதோடு, மகன் வயதில் இருக்கிற ஒரு ஆள் என் மனைவியின் இடுப்பைப் பார்க்க வேண்டாம் என்ற நினைப்பும் இருந்திருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். டாக்டர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது, எனக்கு அது தெரிந்தது. அவர், “இருந்தா இப்பவே வேற மாத்திரை ஆரம்பிச்சுடலாம், இல்லன்னா பரவால்ல, டெங்குக்கும் மத்ததுக்கும் ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அவர் பார்த்திருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை, நீ அதைப் புகாரில் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேட்கவில்லை என்று எழுதாதே.

டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. மறுநாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கே வார்டில் சேர்த்த அன்று மாலை, துணி மாற்றிய நர்ஸ் உள்ளேயிருந்து, “டாக்டர், இங்க இருக்குது பாருங்க, நாடாவுக்குக் கீழ” என்று கூப்பிட்டது எனக்கு வெளியே கேட்டது. உடனே உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தை ஏற்றினார்கள். அதே நர்ஸ் என்னிடம் வந்து, “இது எத்தினி நாளா இருக்குதுங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நுரையீரலும் சிறுநீரகமும் அதற்குள் கெட்டுவிட்டன, போகிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா போய்விட்டாள். அதற்கடுத்த பதினாறு நாளும் நீ இந்த வீட்டில் இருந்தாய், இணையத்தில் படித்து, சில ரூபாய் மாத்திரையில் தீர்கிற காய்ச்சல் என்று கண்டுபிடித்து, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் அந்த டாக்டரைத் திட்டினாய், நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கோபத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது. அது அங்கேயே போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் பக்கம் திரும்பினால் தாங்க முடியாது என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே அதனால் என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. நீ குடும்பக் குழுவில் போட்டதை அய்யப்பன் மாமா யாருக்கோ அனுப்ப, அவர் யாருக்கோ அனுப்ப, தெரு முழுக்கப் பரவிவிட்டது. காய்ச்சல் பரவுவதற்காவது ஒரு பூச்சி வேண்டும். மாசி முதல் வாரம் எதிர் வீட்டுக் கன்னியப்பனுக்குக் காய்ச்சல் வந்தது, பின்பக்க மனையில் கேபிள் குழி தோண்டப் போனவன். எல்லாரும் தடுத்தும் பக்கம் என்று அந்த கிளினிக்குக்கே போனான். டாக்டர் அவனைத் தொடவேயில்லையாம், பொண்டாட்டி கண்ணகியை அவனோடு திரைக்குப் பின்னால் அனுப்பி, “நீங்களே தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு எடம் விடாம பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாராம். கண்ணகி என்னிடம் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், கண்ணாலம் ஆயி இருவது வருசம் ஆவுது, அந்த ஆள ஒழுங்கா பாத்ததே அன்னிக்குத்தான். பாத்தா அக்குள்ல இருக்குது, மொளகு மாதிரி. மொதல்ல அழுக்குன்னு தேச்சேன், போவல.” மாத்திரை ஆரம்பித்த மறுநாளே காய்ச்சல் விட்டு, மூன்றாம் நாள் வஞ்சிரக் குழம்பு கேட்டுச் சண்டை போட்டான். கண்ணகி சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோரு வருஷத்தில் நான் அப்படி ஒரு முறை பார்க்கவில்லை.

கன்னியப்பன் பிழைத்தது டாக்டருக்கு உதவவில்லை. “வர்றவங்களையெல்லாம் துணிய அவுக்கச் சொல்றாராம்” என்று தெருக்கோடி டீக்கடையில் கிண்டல். பெண்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். மாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் அவரே இங்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டேன், அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு, “சார், நான் கேட்டேன்ல? கேட்டேன்னுதான் நெனைக்கிறேன். எல்லாரும் கேக்கலைன்னு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார். நான் “காபி போடட்டுமா” என்று கேட்டேன். சரிதா, உன்னிடம் ஞாபகம் இல்லை என்று சொன்னதைக்கூட ஒருவேளை மன்னித்துவிடுவாய், இதை நான் உனக்கு எப்படிச் சொல்ல. அந்தப் பையன் தன் ஞாபகத்தையே என்னிடம் கேட்க வந்தான், நான் காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

இதற்கு நடுவில் அபி. இரண்டு வாரம் முன்னால் நீ அடுப்படியில் இருந்தபோது வீடியோவில் என்னிடம், “தாத்தா, ஆயாவக் கொன்னதுல அந்த ஜெர்முக்கு என்ன கெடச்சுது?” என்று கேட்டாள். ஒன்பது வயதில் கேட்கிற கேள்வியா அது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், இன்னும் சொல்லவில்லை, நீ அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லு. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கிருமி வாழ்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்புப் பூச்சியின் உடம்பில், ரவையில் கால்வாசிகூட இருக்காது. தாய்ப்பூச்சி முட்டைக்குக் கொடுக்கிறது, முட்டையிலிருந்து குஞ்சுக்கு வருகிறது, இப்படியே தலைமுறை தலைமுறையாக. குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஒரே ஒரு வேளை அதற்கு உயிருள்ள உடம்பு வேண்டும், எலியோ பெருச்சாளியோ. புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும், யார் உரசினாலும் தொற்றிக்கொள்ளும், உடம்பில் ஊர்ந்து துணி இறுக்கிக் கட்டியிருக்கிற இடத்தில் வழி அடைபட்டு நின்றுவிடும், அங்கே வாய் வைக்கும், கடித்த இடம்தான் கறுத்துப் பொருக்காகும். எலிக்குக் காத்திருந்த இடத்தில் உன் அம்மா பூப்பறிக்க உட்கார்ந்தாள். விழுப்புரத்துக்கு ஏற வேண்டியவன் தவறிப்போய் வேறு பஸ்ஸில் ஏறி, இருட்டில் ஊர் பேர் தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிட்டது போல, அங்கிருந்து அதற்கு மறு பஸ் கிடையாது. அம்மாவிடமிருந்து எனக்கோ உனக்கோ அது தொற்றவே தொற்றாது. அம்மாவுக்குள் பெருகிய அத்தனை கிருமியும் அம்மாவோடு சேர்ந்தே எரிந்தன.

வகுப்பில் நான் வருஷா வருஷம், கெட்டிக்காரக் கிருமி தான் குடியிருக்கிற வீட்டை இடிக்காது, நாளாக ஆகச் சாதுவாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கதை மாதிரி இருக்கும். அது பாதிதான் சரி. கிருமிக்குக் கெட்டித்தனமும் இல்லை, கருணையும் இல்லை. ஆயிரம் வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது, எந்த வகை அடுத்த ஆளுக்குப் போய்ச் சேர்கிறதோ அது மிஞ்சுகிறது, அவ்வளவுதான் கணக்கு. சளிக் கிருமிக்கு நாம் எழுந்து நடமாடி நாலு பேர் முகத்தில் தும்ம வேண்டும், படுக்கையில் தள்ளிவிட்டால் அதற்கு நஷ்டம். காலராவுக்கு அந்த அவசியம் இல்லை, படுத்துக் கிடப்பவனின் கழிவு தண்ணீரில் கலந்தால் போதும், அதனால் அது அப்படியே கொடியதாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொரோனா ஊருக்கு ஊர் உருமாறி வந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம், பரவும் வேகத்தில் முந்தியது முன்னால் வந்தது, அதற்குள் எத்தனை பேர் போனார்கள் என்பது அதன் கணக்கில் இல்லை. அம்மாவுக்கு வந்த கிருமிக்கோ மனிதர்கள் வழியே இல்லை, நாம் இருந்தாலும் செத்தாலும் அதற்கு ஒன்றுதான், நம்மிடம் சாதுவாக நடக்கக் கற்றுக்கொள்ள அதற்கு ஒரு காரணமும் கிடையாது. இதை நினைத்தால்தான் எனக்கு மனசு விட்டுப்போகிறது. பகையாளி என்றால்கூட ஒரு காரணம் இருக்கும். கொல்லையை மனையாக்கி, மனையைக் காடாக்கி, அந்தப் பூச்சியையும் நம்மையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது நாம்தான்.

நேற்றைக்கு ஒரு வெள்ளைத் தாளில், டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். வெளியே நோயாளி யாரும் இல்லை. அவர் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், “நானும் பாத்திருக்கணும் சார்” என்றார். ஆமாம் என்றேன். அந்தத் தாளின் நகல் இதனோடு இருக்கிறது, கூடவே நீ அனுப்பிய புகாரையும் கையெழுத்து இல்லாமல் வைத்திருக்கிறேன். அய்யப்பன் மாமாவிடமும் அத்தையிடமும் கண்ணகியிடமும் சொல்லிவிட்டேன். மாமா, “மச்சான், செத்தவ செத்துட்டா, இன்னாத்துக்கு இப்ப இதெல்லாம்” என்று எழுந்து போய்விட்டார், இரண்டு நாளாக வரவில்லை. அத்தை மட்டும் சோறு கொடுத்தனுப்பினாள். குடும்பக் குழுவில் நீ எழுதியதை என்ன செய்வது என்பது உன் முடிவு, நான் சொல்ல மாட்டேன், சொல்லுகிற தகுதியை நான் கேட் பக்கத்தில் நின்றபோதே விட்டுவிட்டேன். என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருந்துகொள். ஞாயிற்றுக்கிழமை அபியை மட்டும் ஐந்து நிமிஷம் காட்டு.

பின்பக்கப் புதரை முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து வெட்டினார்கள், மழை பெய்தால் மறுபடி வரும், ஒவ்வொரு மாதமும் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. கிணற்று மோட்டார் மறுபடியும் பழுது. அம்மாவின் புடவைகளை அத்தை ஒருநாள் வந்து பிரித்து எடுத்தாள், உனக்கென்று பச்சை மயில்கழுத்துக் கலர் பட்டையும் இன்னும் இரண்டையும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறது, பாவாடைகளை மட்டும் நான் யாருக்கும் கொடுக்க விடவில்லை, ஏன் என்று கேட்காதே. மாப்பிள்ளைக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்கார வேண்டாம் என்று சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் வண்டி ஓட்டும்போது கவனம்.

உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அது எந்த இடத்துக்குச் சேர வேண்டுமோ அங்கே சேரட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மா பேரைச் சொல்லி அப்பா வாழ்த்துகிறேன். ஒன்றே ஒன்று செய்து பார், சரிதா. இனி அபிக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால், அவர் அவளைக் கேட்கிற கேள்விக்கு நீ வாயைத் திறக்காதே. அவள் யோசித்து, தன் உடம்பைத் தொட்டுப் பார்த்து, தானே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நெடுமாறன்